பழைய கேரவனின் சுவருக்குள்ளே

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடுகளைக் கட்டி விற்கும் தொழில் பெரும்பாலும் மரத்தையும் ஒட்டுப்பலகையையும் நம்பி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆகாய விமானம் கட்டும் கலையில் தேர்ந்த சிலர் அதனுள் புகுந்து, இலேசான உலோகத் தகடுகளை வளைத்து, ரிவெட் ஆணிகளால் வரிசை வரிசையாகப் பிணைத்து, உருண்ட முதுகும் குவிந்த முகமுமாக ஒரு புதிய உருவத்தை அவ்வண்டிக்கு அளித்தார்கள். சார்லஸ் லிண்ட்பர்க் 1927-ஆம் ஆண்டில் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த விமானத்தின் நிர்மாண வேலையை மேற்பார்த்த ஹாலி போலஸ் என்பவர் 1934-இல் அத்தகைய வண்டி ஒன்றை வெளியிட்டார். அந்த அமைப்பைத் தழுவி, தம் மனத்துக்கு உகந்த மாறுதல்களைச் செய்து, வாலி பையம் என்பவர் 1936-இல் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் கேரவனைக் கொண்டுவந்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அலுமினியம் விமானங்களுக்கே தேவைப்பட்டதால் நின்றுபோன அந்த உற்பத்தி யுத்தத்துக்குப் பின் மீண்டும் தழைத்து, 1952 முதல் ஒஹாயோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்ற ஊரிலும் வேர் ஊன்றிற்று. சந்திரனுக்குப் போய்த் திரும்பிய அப்போலோ 11 வீரர் மூவரை 1969-இல் தனிமைப்படுத்தி வைத்திருந்த அறைகூட இவ்வகை வண்டி ஒன்றை மாற்றியமைத்ததே ஆகும்.

இந்த வண்டிகளில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயதுடைய பல, கொல்லைப்புறங்களிலும் வயல் ஓரங்களிலும் மழையில் நனைந்து கிடந்தபின், ஆர்வமுள்ளவர்களால் வாங்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுகின்றன. உள்பக்கத் தகடுகளைக் கழற்றியவுடன் அவர்கள் காணும் காட்சி பெரும்பாலும் ஒரே மாதிரியானது: வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, இரண்டையும் பிரித்து நிறுத்தும் அலுமினிய விலாச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே சுமார் ஒன்றரை அங்குல இடைவெளி. அந்த இடைவெளியில், ஒரு காலத்தில் மெத்தென்று நிரம்பியிருந்த கண்ணாடி இழைப் பஞ்சு ஈரம் குடித்துச் சரிந்து கீழே குவிந்திருக்கும். எலிகள் அதைக் குடைந்து வளை அமைத்திருக்கும். அதை வாரி எறிந்துவிட்டு, அந்த ஒன்றரை அங்குலத்தில் புதிதாக எதை நிரப்புவது என்பதே கேள்வி. இக்கேள்வியைக் கேட்பவர்கள் அநேகமாக ஒவ்வொரு சரக்கின் தடுப்புச் சக்தியையும் எண்களாகக் கேட்டு, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சுவரின் ஆயுளை நிர்ணயிப்பது உஷ்ணம் அன்று, ஈரம் என்பதையே இவ்வத்தியாயத்தில் நிலைநாட்ட விரும்புகிறேன்.

உஷ்ணத்தைத் தடுப்பது எது என்று முதன்முதலில் ஒழுங்காகப் பரிசோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவில் பிறந்து பவேரியா நாட்டில் உத்தியோகம் வகித்து ரம்ஃபர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்ப்ஸன் ஆவார். ஒரு கண்ணாடிக் கோளத்தின் நடுவில் உஷ்ணமானியின் குமிழைப் பொருத்தி, அதைச் சுற்றியுள்ள இடத்தில் பட்டு, பருத்தி, ஆட்டு ரோமம், முயலின் ரோமம், வாத்தின் மென்சிறகு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிரப்பி, கொதிநீரில் காய்ச்சிப் பின்பு பனிக்கட்டி கலந்த நீரில் அமிழ்த்தி, எவ்வளவு நேரத்தில் சூடு இறங்குகிறது என்று அவர் கணக்கெடுத்தார். 1792-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் வெளியான அந்த ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: உஷ்ணத்தை மறிப்பது ரோமமோ சிறகோ அன்று, அவற்றின் இழைகளுக்கு இடையில் அகப்பட்டு, நகர வழியில்லாமல் நிற்கும் காற்றே. இன்று கடையில் விற்கப்படும் வெப்பத்தடுப்புச் சரக்குகளில் மிகப் பெரும்பாலானவை, எவ்வளவு புதிய பெயரைச் சூடிக்கொண்டு வந்தாலும், காற்றையோ வேறொரு வாயுவையோ அசையாமல் பிடித்துவைக்கும் உபாயங்களே அன்றி வேறில்லை.

ஒரு மீட்டர் கனமும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள பதார்த்தத்தின் இரு பக்கங்களுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், அதன் வழியே எத்தனை வாட் உஷ்ணம் பாய்கிறது என்பதை அப்பதார்த்தத்தின் கடத்தல் எண் என்று வைத்துக்கொள்வோம். அசையாத காற்றுக்கு இது ஏறத்தாழ 0.025. கண்ணாடிப் பஞ்சுக்கும் ஆட்டு ரோமத்துக்கும் 0.035 முதல் 0.04 வரை, தக்கைக்கு 0.04, தெர்மோகோல் என்று நாம் அழைக்கும் வெண்ணுரைப் பலகைக்கு 0.035 அளவில், காற்றைவிட மந்தமான வாயுவைத் தன் நுண்ணறைகளில் அடைத்து வைத்திருக்கும் பாலியூரித்தேன் வகைக் கட்டி நுரைப் பலகைக்கு 0.022 முதல் 0.026 வரை. பைன் மரத்துக்கு 0.12. இனி அலுமினியத்தைப் பாருங்கள்: தூய நிலையில் சுமார் 237, வண்டி கட்டும் கலப்பு உலோகமாயின் அதைவிடக் குறைவு, 150 என்று கொள்ளலாம். சரக்குகளுக்குள்ளே மிகச் சிறந்ததற்கும் மிகச் சாதாரணமானதற்கும் உள்ள தாரதம்மியம் இரண்டு மடங்குகூட இல்லாதிருக்க, அவற்றைத் தாங்கி நிற்கும் சட்டத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தாரதம்மியமோ ஆயிரக்கணக்கான மடங்கு.

இந்த வித்தியாசங்கள் நடைமுறையில் எவ்வளவு பெறும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேற்பரப்பு மொத்தம் 50 சதுர மீட்டர், அதில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி. எந்தத் தடுப்பும் இல்லாத ஒற்றைத் தகட்டு வண்டியிலிருந்து ஏறக்குறைய 6,000 வாட் உஷ்ணம் ஓயாமல் வெளியேறும். 38 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சை நிரப்பினால், சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களின் தடையையும் சேர்த்து, சுவரின் வழியே போவது 800 வாட்டுக்குள் அடங்கும். அதே இடத்தில் விலை உயர்ந்த கட்டி நுரைப் பலகையை வைத்தால் அது சுமார் 500 வாட்டாகும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 300 வாட்டுக்கும் குறைவு. ஜன்னல்கள் மட்டும் இழப்பதோ 600 வாட். பஞ்சா நுரையா என்று வாரக்கணக்கில் தர்க்கம் செய்துவிட்டு, ஜன்னலுக்குக் கனத்த திரைகூடப் போடாமல் விட்டுவிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நன்று.

அதைவிட முக்கியமானது விலாச் சட்டங்களின் விஷயம். மேலே சொன்ன கணக்கு, சுவர் முழுவதும் பஞ்சு மட்டுமே இருக்கிறது என்ற கற்பனையின்மேல் எழுந்தது. உண்மையில், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சட்டம், ஒரு மீட்டர் நீளத்துக்கு, உள்தகட்டையும் வெளித்தகட்டையும் தொட்டுக்கொண்டு நின்றால், அதன் கடத்தும் சக்தி ஒரு டிகிரிக்கு 4 வாட். அதன் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பை மூடி நிற்கும் பஞ்சின் கடத்தும் சக்தியோ ஒரு டிகிரிக்கு 1 வாட்தான். காற்றுப் படலங்கள் இடையே நின்று ஓரளவு மட்டுப்படுத்துவதால் முழு நான்கு வாட்டும் பாய்வதில்லை என்பது மெய்யே. ஆயினும் உயர்ந்த சரக்கை வாங்கி, சட்டங்களைக் கவனியாமல் உள்தகட்டை அடித்து மூடுகிறவர், தாம் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதியை அந்தச் சட்டங்களின் வழியே வெளியே விட்டுவிடுகிறார் என்பதில் சந்தேகம் இல்லை. இதற்குப் பரிகாரம் எளியது. சட்டத்துக்கும் உள்தகட்டுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் கனமுள்ள தக்கைப் பட்டையையோ நுரை ரப்பர்ப் பட்டையையோ ஒட்டிவிட்டால், அந்த இடத்தின் கடத்தும் சக்தி இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பட்டையைத் துளைத்துச் செல்லும் ரிவெட் ஆணிகள் அதில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவரும் என்றாலும், செலவுக்குப் பயன் என்ற முறையில் பார்த்தால் இந்த வேலை முழுவதிலும் இதற்கு ஈடானது வேறொன்றும் இல்லை.

கதிர்வீச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏனெனில் பளபளக்கும் உறை போர்த்திய குமிழித் தாள்கள் இதன் பெயரால் ஏராளமாக விற்கப்படுகின்றன. மெருகேறிய அலுமினியம் உஷ்ணக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் கதிர் என்று ஒன்று இருப்பதற்கு, அந்தப் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்றிடைவெளி இருந்தாக வேண்டும். தாளைத் தகட்டோடு நெருக்கி ஒட்டிவிட்டால், கதிருக்கு அங்கே இடமில்லை. உஷ்ணம் தொடுகையினாலேயே கடந்து போய்விடுகிறது. மிஞ்சுவது சில மில்லிமீட்டர் கனமுள்ள குமிழித் தாளின் அற்பத் தடையே. இதே தத்துவம் வெயில் காலத்தில் இன்னொரு விநோதத்தை விளைவிக்கிறது. மெருகிட்ட அலுமினியக் கூரை சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டாலும், தான் ஏற்றுக்கொண்ட சிறு பகுதியை மீண்டும் கதிராக வெளியிடும் சக்தி அதற்கு மிகக் குறைவாதலால், மேன்மேலும் சூடேறிக் கை வைக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. வெள்ளை வர்ணம் பூசிய கூரையோ, அதிக ஒளியை ஏற்றுக்கொண்டாலும், தன் உஷ்ணத்தைத் தாராளமாக வானத்துக்கு வீசிவிடுவதால் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. கண்ணாடிபோல் மெருகிட்ட வண்டிகளின் கூரையின் உச்சியில் மட்டும் வெள்ளை பூசும் வழக்கம் அழகுக்காக ஏற்பட்டதன்று.

இனி ஈரத்துக்கு வருவோம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமுக்குமேல் தாங்காது. உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சினாலும் வியர்வையினாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரைக் காற்றில் சேர்க்கிறார். இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் 600 கிராமுக்கு மேல். வண்டியின் உள்ளே 15 கன மீட்டர் காற்று இருக்குமானால், அது முற்றிலும் உலர்ந்திருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், தாங்கக்கூடியது சுமார் 260 கிராம்தான். ஆகவே, ஜன்னலையும் துவாரங்களையும் அடைத்துக்கொண்டு உறங்கினால், அந்த நீர் எங்கேயாவது துளியாக இறங்கியே தீரவேண்டும். புகைபோக்கி இல்லாத வாயு அடுப்பை உள்ளே எரிப்பவர் இதை இன்னும் மோசமாக்குகிறார். ஒரு கிலோ புரோப்பேன் எரியும்போது 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது என்பது ரசாயனக் கணக்கு.

அத்துளி எங்கே இறங்கும்? குளிர்ந்த மோர் நிரம்பிய செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் அரும்புவதைப்போல, நீராவி துளியாகத் தொடங்கும் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் முதல் பரப்பின்மேல் இறங்கும். 20 டிகிரியும் நூற்றுக்கு 60 ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை 12 டிகிரி. வெளியே 0 டிகிரியாக இருக்கும் இரவில் வெறும் தகட்டுச் சுவரின் உள்முகம் சுமார் 5 டிகிரியில் இருப்பதால், அதன்மேல் தாரை தாரையாக நீர் வழிகிறது; காலையில் எழுந்தவர் அதைக் கண்டு, சலித்துக்கொண்டு, துணியால் துடைத்துவிடுகிறார். தடுப்புச் சரக்கை நிரப்பி உள்தகட்டை மூடியபின், அந்த உள்தகடு 18 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதன்மேல் ஒரு துளியும் இல்லை. வீட்டுக்காரர் திருப்தி அடைகிறார். ஆனால் வெளித்தகடு, உள்ளேயிருந்து தனக்கு வந்துகொண்டிருந்த உஷ்ணம் தடைப்பட்டதால், முன்னைவிட அதிகமாகக் குளிர்ந்து, வெளிக்காற்றின் நிலையையே அடைந்துவிட்டது. மின்சார ஸ்விட்சின் துவாரம், தகடுகள் சேரும் இடுக்கு, விளக்கின் ஓரம் ஆகியவற்றின் வழியாகச் சுவருக்குள் நுழையும் நீராவி அந்த வெளித்தகட்டின் உள்முகத்தில் போய்ப் படிந்து, பஞ்சுக்குள் கசிந்து, கீழே வழிந்து, தரைப்பலகையின் விளிம்பில் தங்குகிறது. வெப்பத்தடுப்பை வைத்தவர் ஈரத்தை ஒழிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு அதை மாற்றியிருக்கிறார்.

இந்த மறைவான நீர் செய்யும் அனர்த்தங்கள் பல. தண்ணீரின் கடத்தல் எண் 0.6, அதாவது காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தபின் அந்தப் பஞ்சுக்கு வெப்பத்தடுப்பு என்ற பெயர் பொருந்தாது. பிளைவுட் தரையின் ஓரங்கள் உளுத்துப்போகின்றன. இரும்பு அடிச்சட்டமும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் ஈரம் நிலைத்தால், இரு வேறு உலோகங்களும் நீரும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியத்தை வெண்பொடியாக அரித்துவிடுகின்றன. பழைய வண்டிகளில் தரைக்கடியில் வைத்த பஞ்சு, அடித்தகட்டின்மேல் நனைந்த மெத்தையாகக் கிடந்து அடிச்சட்டத்தைத் துருவாக்கியிருப்பதைப் புதுப்பிப்போர் மிகச் சாதாரணமாகக் காண்கிறார்கள். அவ்வளவும் நீராவியின் வேலை அன்று. கிழடு தட்டிய ரிவெட்டுகளின் வழியே புகுந்த மழைநீருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆறு மீட்டர் நீளமுள்ள அலுமினிய ஓடு, 50 டிகிரி உஷ்ண மாற்றத்துக்கு 7 மில்லிமீட்டர் நீண்டு குறுகுகிறது. சாலையின் அதிர்ச்சி வேறு. எந்த அடைப்புப் பசையும் இதை நிரந்தரமாகத் தாங்குவதில்லை. ஆகையால், இவ்வண்டி என்றேனும் கசியும் என்று வைத்துக்கொண்டே சரக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த நோக்கில் பார்க்கையில், இழைச் சரக்குகளுக்கு இரட்டை உலோகச் சுவரில் இடமில்லை என்பதே என் அபிப்பிராயம். ஆட்டு ரோமத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு; தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் நனைந்ததாகத் தோன்றாமல் இருக்கும். ஆனால் உறிஞ்சியதை உலர்த்திவிட ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும் அல்லவா? இரு புறமும் நீராவி புகாத உலோகம் மூடி நிற்கும் சிறையில் அது எங்கே போய் உலரும்? போதாக்குறைக்கு, அந்துப்பூச்சிக்கு எதிராக அதற்கு மருந்திட்டிருக்கவும் வேண்டும். மாறாக, சுவரின்மேல் நேரே பீய்ச்சி அடிக்கும் நுரை, இடுக்கு விடாமல் நிரம்பி நீராவிக்கும் வழி அடைப்பதில் நிகரற்றது. ஆயினும் அதை நான் சிபாரிசு செய்யத் துணியேன்: அது பொங்கும்போது மெல்லிய தகட்டைப் புடைக்கச் செய்யக்கூடும், பீய்ச்சும் சமயத்தில் எழும் ஐஸோசயனேட் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தகடு நசுங்கினாலோ ஒரு ரிவெட் கசிந்தாலோ, தகட்டோடு பிணைந்துபோன அந்த நுரையைப் பெயர்க்காமல் பழுதுபார்க்க வழியே இல்லை. ஐம்பது வருஷம் தாங்கிய வண்டி இன்னும் ஐம்பது வருஷம் தாங்க வேண்டுமானால், அடுத்த தலைமுறையின் கை அதன் விலாச் சட்டங்களை எட்ட வேண்டும்.

குளிர்சாதன இயந்திரங்களின் செப்புக் குழாய்மேல் கறுப்பு நிறத்தில் சுற்றியிருக்கும் நுரை ரப்பரைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே சரக்கு தகடாகவும் கிடைக்கிறது. அதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று கலவாமல் மூடியவை. நீராவி அதனூடே எளிதில் செல்லாது. வளைந்த உலோகத்தின்மேல் காற்றிடைவெளி விடாமல் ஒட்டிக்கொள்ளும். வேண்டும்போது வெட்டி உரிக்கலாம். அதன் கடத்தல் எண் கட்டி நுரைப் பலகையினும் சற்று உயர்ந்தது என்பது குறையே. ஆனால் உருண்ட மூலைகளில் விறைப்பான பலகையைத் துண்டு துண்டாக நறுக்கிப் பொருத்தும்போது விழும் இடுக்குகளை எண்ணிப் பார்த்தால், அக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. நேர்ச்சுவருக்கும் தரைக்கும் கட்டி நுரைப் பலகையை வைத்து, மூட்டுகளை உலோக நாடாவால் அடைத்துவிடலாம். தெர்மோகோல் மலிவானது, தண்ணீரால் கெடாதது. எனினும் கூரைக்கு அதை வைப்பது கூடாது, ஏனெனில் கொதிக்கும் வெயிலில் தகடு அடையும் சூடு, அது இளகும் நிலைக்கு வெகு தூரத்தில் இல்லை. அன்றியும், மின்கம்பியின் பி.வி.சி. உறை அதைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், உறையை வளையச் செய்யும் எண்ணெய்ப் பொருள் தெர்மோகோலுக்குள் கசிந்து, உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். எந்தச் சரக்கானாலும், கம்பிகளை அதற்குள் புதைக்காமல் தனிக் குழாயில் கொண்டுபோவதே முறை. புதைந்த கம்பி தன் சூட்டை வெளியேற்ற முடியாது.

பிரிட்டனில் அதே காலத்தில் கட்டப்பட்ட கேரவன்களின் சங்கதி வேறு. அவற்றில் பெரும்பாலானவை மரச்சட்டத்தின்மேல் வெளியே அலுமினியமும் உள்ளே ஹார்டுபோர்டோ பிளைவுட்டோ அடித்தவை. மரம் உஷ்ணத்தை அவ்வளவாகக் கடத்தாது. உள்பலகை ஓரளவு ஈரத்தை உள்ளே திரும்ப விடும். அங்கே ஆட்டு ரோமமும் கல் இழைப் பஞ்சும் தகுந்த சரக்குகளே. தீயைத் தாங்குவதில் ஆயிரம் டிகிரிவரை உருகாத கல் இழைக்கு நிகர் எதுவும் இல்லை. நுரைகளோ, தீப்பிடித்தால் கார்பன் மோனாக்ஸைடு போன்ற விஷவாயுக்களைக் கக்குபவை. ஆதலால் அடுப்பைச் சுற்றிலும் நுரையை வைக்காதிருப்பது விவேகம். பழைய வண்டிகளின் அடுப்புக்கும் கணப்புக்கும் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இருக்கக்கூடும். அதைப் பரிசோதிக்கச் செய்யாமல் உடைக்கவே கூடாது.

வெப்பத்தை மிச்சப்படுத்தும் ஆவலில், தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துவாரங்களை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. தரையில் உள்ளவை, காற்றைவிடக் கனமான சமையல் வாயு கசிந்தால் கீழே இறங்கிப் போவதற்கென்று வைத்தவை. மேலே உள்ளவை, நாம் கணக்கிட்ட அந்த 600 கிராம் நீர் வெளியேறும் வழி. உள்ளிருக்கும் காற்று மணிக்கு ஒரு தடவை முழுவதும் மாறுவதற்கு ஆகும் உஷ்ணச் செலவு, 20 டிகிரி வித்தியாசத்தில், 100 வாட் அளவே. உயிருக்கும் சுவருக்கும் சேர்த்து அது மிகச் சொற்ப விலை. ஆகவே வண்டியைப் புதுப்பிக்க முற்படும் அன்பர்களுக்கு நான் சொல்வது இது: சரக்கு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், உள்தகடுகள் கழற்றிய நிலையிலேயே, ஒவ்வொரு மூட்டின்மேலும் ஒவ்வொரு ரிவெட்டின்மேலும் குழாயால் நீரைப் பாய்ச்சி, உள்ளே ஒருவரை விளக்குடன் நிறுத்திப் பாருங்கள், ஒரு துளிகூட வராத நாளில் வெப்பத்தடுப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்குங்கள்.